பன்னிரண்டாவது தூண்

அத்தியாயம் 9

"படகுன்னா தண்ணியில மிதக்கும்னு நினைச்சேன் டீச்சர். இது கட்டை மேல ஏறி உட்கார்ந்து வேடிக்கை பார்க்குது!"

ரேடியோ சொன்னதற்கு டீச்சர் சிரிக்கவில்லை. அவர் ஏணியில் பாதி தூரம் ஏறியிருந்தார். ஐம்பத்தாறு வயதில், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் மூக்குக் கண்ணாடியோடு, செருப்பைக் கீழே விட்டுவிட்டுப் பாய்மரப் படகில் ஏறுகிறவருக்குச் சிரிக்க மூச்சு மிஞ்சாது.

ரேடியோ என்பது ஊர் வைத்த பெயர். காலையில் வாயைத் திறந்தானென்றால் தூக்கம் வந்து மூடினால்தான் உண்டு. டீச்சர் நிஜமாகவே டீச்சராக இருந்தவர். பொய் சொல்லும் பிள்ளைகளை இருபத்திரண்டு வருஷம் பிடித்துக் கை தேர்ந்தபின், பொய் சொல்லும் பெரியவர்களைப் பிடிக்கலாமென்று ஒரு துப்பறியும் அலுவலகம் திறந்தார். பெரியவர்கள் சுலபம், அவர்களுக்குக் கற்பனை கம்மி என்பது அவர் கட்சி. ரேடியோ அவருடைய உதவியாளன், காரோட்டி, டீ வாங்குகிறவன், பேச்சுத் துணை. கடைசி வேலையை யாரும் அவனுக்குக் கொடுக்கவில்லை.

வழக்கு இதுதான். இந்தப் பழைய படகு ஒரு பல் டாக்டருடையது. மேல்தளத்தின் இரண்டு ஓரங்களிலும் இடுப்புயரத் தூண்கள் நிற்கும், பக்கத்துக்கு ஆறு. தூணுக்குத் தூண் கம்பி ஓடும், ஆள் கடலில் விழாமலிருக்க. தூண்களின் அடித்தட்டும் போல்ட்டும் முப்பது வருஷ உப்புத் தண்ணீரில் அரித்துப்போனதால், எல்லாவற்றையும் மாற்றச் சொல்லிப் படகு மேஸ்திரி ஒருவரிடம் டாக்டர் கொடுத்தார். மாற்றி முடிந்தது என்று டாக்டரும் மனைவியும் கடலுக்குப் போனார்கள். பாயை இழுத்துக் கட்ட டாக்டர் கம்பியில் சாய்ந்தார். கடைசித் தூண் பெயர்ந்தது. மனைவிக்குப் படகைத் திருப்பத் தெரியாது. இரண்டாம் நாள் உடல் கரை சேர்ந்தது.

அதெல்லாம் நடந்து இருபத்திரண்டு நாள். புதுத் தட்டுக்குப் பழைய போல்ட் போட்டு ஏமாற்றினார் என்று மேஸ்திரி மேல் கேஸ். மேஸ்திரியும் 'என் தப்புதான்' என்று சொல்லிவிட்டு உள்ளே இருக்கிறார். நாளைக் காலை பத்து மணிக்கு நீதிபதி முன்னால் அதையே திருப்பிச் சொன்னால் இரண்டு வருஷம் என்கிறார் வக்கீல். மேஸ்திரியின் மனைவி மட்டும் நம்பவில்லை. தையல் மெஷினை நிறுத்திவிட்டு வந்து டீச்சரின் மேஜை முன்னால் உட்கார்ந்தவர் அவர்தான்.

"எங்க வீட்டுக்காரர் குக்கர் கைப்பிடிக்கு ஸ்க்ரூ போட்டாக்கூட மறுநாள் எழுந்து ஆட்டிப் பார்ப்பாருங்க. அவரா இதைச் செஞ்சாரு?"

அந்தக் குக்கர் டீச்சருக்குப் பிடித்துப்போய்விட்டது. அதனால்தான் இந்த ஏணி.

மேல்தளத்தில் பதினோரு தூண்கள் சிப்பாய் மாதிரி விறைப்பாக நின்றன. பன்னிரண்டாவது இருந்த இடத்தில் நாலு துளை. பெயர்ந்த தூண் தன் அடித்தட்டோடு கம்பியில் தொங்கியது. ஒடிந்த போல்ட் தலைகளில் இரண்டைப் போலீஸ் கொண்டுபோயிருந்தது. மிச்சம் இரண்டு தட்டிலேயே செருகி நின்றன.

மேஸ்திரியின் தகர டப்பாவை ரேடியோ தரையில் கவிழ்த்தான். "ஆளு சுத்தம் டீச்சர். போல்ட் வந்த காலிப் பாக்கெட்டைக்கூட மடிச்சு வச்சிருக்காரு. பாக்கெட்டுக்கு நாலு. ஒண்ணு, ரெண்டு..." பதினொன்றில் நின்றான். "தூண் பன்னிரண்டு, பாக்கெட் பதினொண்ணு. ஒரு தூணுக்குப் புது போல்ட்டே வரலை. அப்ப போலீஸ் சொல்றது சரியாத்தானே வருது? நாம ஏணியிலேர்ந்து இறங்கிடலாமா?"

"நீ வாயை மூடிக்கிட்டு அந்தப் பசையைப் பாரு."

தண்ணீர் இறங்காமலிருக்க ஒவ்வொரு தட்டுக்கும் அடியில் கறுப்புப் பசை வைத்து அழுத்தியிருந்தது. பதினோரு தூண்களில் அது தட்டைச் சுற்றி ஒரே சீராகப் பிதுங்கி நின்றது. பன்னிரண்டாவதில் மட்டும் துளைக்குத் துளை பசை முறுக்கிச் சுழித்துக்கொண்டிருந்தது.

டீச்சர் கீழே அறைக்குள் இறங்கி, ஓரத்து அலமாரிக்குள் தலையை விட்டு, டார்ச் அடித்துப் பார்த்தார். மேலேயிருந்து வரும் போல்ட்டுகளுக்கு நட் மாட்டுகிற இடம் அது. பதினோரு தூண்களின் நட்டுக்கும் கீழே வாஷரில் வட்டமாகக் கீறல் இருந்தது. பன்னிரண்டாவதின் வாஷர் நாலும் கடையில் வாங்கின மேனிக்கு இருந்தன.

"என்ன புரியுது?" அலமாரிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"உங்களுக்கு முதுகு பிடிச்சுக்கப் போகுதுன்னு புரியுது."

"பதினொண்ணுல, மேல போல்ட் அசையாம நின்னிருக்கு, கீழ நட்டு மட்டும் சுத்தியிருக்கு. பசை கலையாம இருக்க அப்படித்தான் செய்வாங்க போல. மேஸ்திரி தனியா வேலை பார்க்கிறவர். மேல ஸ்க்ரூ டிரைவரைக் குத்தி, குறடால அதைப் பூட்டி வச்சுட்டு, கீழ வந்து நட்டைச் சுத்துவாராம். அவர் மனைவி சொன்னாங்க. பன்னிரண்டாவதுல தலைகீழ். கீழ ஒருத்தர் நட்டைப் பிடிச்சிருக்காங்க, மேல ஒருத்தர் போல்ட்டைச் சுத்தியிருக்காங்க. அப்ப?"

ரேடியோவுக்கு உடனே உறைத்தது. "அப்ப ரெண்டு பேர்! அதுவும் வேலை தெரியாத ரெண்டு பேர்!"

"மேஸ்திரி இல்லாதப்ப வந்த ரெண்டு பேர்." டீச்சர் வெளியே வந்து, தொங்கிய தட்டைக் கையில் ஏந்தி, போல்ட் தலையை மூக்கருகே கொண்டுபோனார். தலை பளபளவென்று முகம் பார்க்கிற மாதிரி இருந்தது. திருப்பினால் கழுத்துக்குக் கீழே அரித்து, பென்சில் முனையாக மெலிந்து ஒடிந்திருந்தது. தலையின் பிளவில் வெளிறிய ரோஸ் நிறத்தில் ஏதோ காய்ந்து கிடந்தது. "மோந்து பாரு."

"டீச்சர், சம்பளத்துல இது சேர்த்தி இல்ல..." என்று குனிந்தவன் நிமிர்ந்தான். "புதினா! பல்லு கிளீன் பண்ணப் போனா ஒரு மெஷினை வாயில விட்டு ரோஸ் கலர்ல ஒண்ணு தேய்ப்பாங்களே, அது!"

"பழைய போல்ட்டைப் பல் தேய்க்கிற பசை போட்டுப் பாலிஷ் பண்ற மேஸ்திரியை நீ பார்த்திருக்கியா?"

ரேடியோ பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. செத்துப்போனவரே தன் கையால் தேய்த்து மாட்டியிருக்கிறார். மேலே பளபள, வேர் முழுக்கச் சொத்தை. ஆயுசு முழுக்க ஜனங்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லிப் பல் பிடுங்கினவர், தன் படகில் கோட்டை விட்டுவிட்டார்.

"ஜெயிச்சுட்டோம் டீச்சர்! இன்னொரு ஆளைப் பிடிச்சுட்டா மேஸ்திரி நாளைக்கு வீட்டுல சாப்பிடுவார். ஒருத்தர் டாக்டர்னா, இன்னொருத்தர் யாரு?"

அந்த இன்னொருவர் யார் என்று தெரிய அதிக நேரம் ஆகவில்லை.

டாக்டரின் மனைவி தினமும் மத்தியானம், படகைக் கரையேற்றி வைத்திருந்த அந்தப் பட்டறைக்கு வருவார். கவிழ்த்த வாளியின் மேல், படகின் நிழலில் உட்கார்ந்துவிட்டுப் போவார். டீச்சர் யாருக்காக வந்திருக்கிறார் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் சாவி கொடுத்தவர். 'நல்லாப் பாருங்க. அந்த ஆள் என்ன செஞ்சான்னு நாலு பேருக்குத் தெரியட்டும்' என்று சொல்லித்தான் கொடுத்தார்.

அன்று அவர் வந்தபோது டீச்சர் அலமாரிக்குள் ஸ்பானரோடு இருந்தார். மேலே ரேடியோ முட்டி போட்டு, நல்ல போல்ட் ஒன்றில் திருப்புளியை வைத்துச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். தன் கணக்கு சரிதானா என்று டீச்சருக்குச் செய்து பார்த்தாக வேண்டும். திருப்புளி நழுவிக்கொண்டே இருந்தது.

"அப்படிப் பிடிச்சா நழுவும் தம்பி."

ரேடியோ திரும்பினான். ஏணியின் உச்சியில் அவர் நின்றிருந்தார். கணவருடைய சட்டையைப் போட்டிருந்தார். கை இரண்டு மடிப்பு மடித்தும் தொளதொளத்தது.

"உள்ளங்கையை மேல வச்சு அமுக்கணும். இங்க குடுங்க." அவர் ஏறி வந்து, பக்கத்தில் முட்டி போட்டு, திருப்புளியை வாங்கினார். முழு எடையும் தோளிலிருந்து இறங்கும்படி அழுத்தி, கால் சுற்றுச் சுற்றினார். நழுவவில்லை.

"எப்படிம்மா... இதெல்லாம்?" என்று கேட்டான் ரேடியோ. கேட்டிருக்க வேண்டாம்.

"அவர் சொல்லிக் குடுத்தது. மேஸ்திரி போனப்புறம், கடைசித் தூணை இறுக்கணும், நீ மேல பிடின்னார். அவர் கீழ அந்த அலமாரியில. ஆறடி ஆளு, உள்ள மடங்கிக்கிட்டு, 'சுத்து! சுத்து!'ன்னு கத்துறார். எனக்குச் சிரிப்பு தாங்கலை. சிரிச்சா கை நழுவுது, நழுவினா அவர் திட்டுறார், திட்டினா இன்னும் சிரிப்பு வருது." அவர் முகம் மலர்ந்திருந்தது. "கல்யாணம் ஆகி இருபத்தாறு வருஷத்துல இந்தப் படகை என்னைத் தொடவே விட்டதில்ல, தம்பி. பாயைக் கிழிச்சுடுவேன், கயிறைச் சிக்காக்கிடுவேன்னு பயம். அன்னிக்குத்தான் முதல்தடவையா ஒரு வேலை குடுத்தார். முடிச்சதும், 'பரவால்லையே, இனிமே உன்னையே கூட்டாளியா வச்சுக்கலாம்'னார். அந்த ஒரு நாளை நினைச்சுத்தான் இன்னும் ஓடிக்கிட்டிருக்கு."

கீழே அலமாரியில் ஸ்பானரைப் பிடித்தபடி டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று ரேடியோவுக்குத் தெரியும்.

"போலீஸ்ல இதைச் சொன்னீங்களாம்மா?"

"இதை எதுக்குச் சொல்லணும்? மேஸ்திரி மாட்டினதை நாங்க கொஞ்சம் இறுக்கினோம், அவ்வளவுதானே." அவர் திருப்புளியைத் துடைத்து அவன் கையில் கொடுத்தார். "உள்ள எலும்புக்கூடா இருந்த போல்ட்டை எவ்வளவு இறுக்கி என்ன பிரயோஜனம்? அந்தப் பாவிக்கு மனசாட்சி இருந்திருந்தா..."

அவர் இறங்கிப் போய் வாளியில் உட்கார்ந்த பிறகும் டீச்சர் மேலே வரவில்லை. ரேடியோ இறங்கிப் போய்ப் பார்த்தான். அலமாரிக்குள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"அந்தம்மாவுக்குத் தெரியாது," என்றார்.

"தெரியாது டீச்சர்."

"நாம சொன்னா, மேஸ்திரி வெளியே வந்துடுவார்."

ரேடியோ மேலே போய், கவிழ்த்த டப்பாவுக்குள் காலிப் பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கினான்.

சிறையில் பார்வையாளர் அறை என்பது ஒரு நீள மேஜையும் நடுவே கம்பி வலையும். மேஸ்திரி குட்டையான ஆள். விரல்களில் கறுப்புப் பசை இன்னும் நகக்கண்ணில் ஒட்டியிருந்தது. டீச்சர் சுற்றி வளைக்கவில்லை. பாக்கெட், பசை, வாஷர், புதினா என்று நாலையும் அடுக்கினார்.

மேஸ்திரி தலையை ஆட்டினார். "கெட்டிக்காரங்க நீங்க. போலீஸ் நாலு பேர் வந்தும் அலமாரியைத் திறக்கலை."

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"படகு கரைக்கு வந்த அன்னிக்கே. தட்டு கம்பியில தொங்குது. பசை முறுக்கிக் கிடக்கு. நான் மேலேர்ந்து சுத்த மாட்டேனே." அவர் வலைக்கு அருகே வந்தார். "நாலு போல்ட் குறைஞ்சு போச்சுங்க. கடைக்காரர் வெளியூர்லேர்ந்து வரணும், மூணு வாரம் ஆகும்னார். ஆர்டர் குடுத்துட்டு, டாக்டர்கிட்ட சொன்னேன். பன்னிரண்டாவதை நான் வந்து போடுறேன், அதுவரைக்கும் படகை எடுக்காதீங்கன்னேன். தூண்ல சிவப்புத் துணி கட்டி வச்சேன். சரி சரின்னார். அவருக்கு அவசரம். பழசைத் தேய்ச்சாரு, புதுசு மாதிரி ஆயிடுச்சு, போட்டுட்டாரு."

"அப்புறம் எதுக்கய்யா உங்க தப்புன்னு சொன்னீங்க?" ரேடியோவுக்குக் கோபமே வந்துவிட்டது.

"உடல் கிடைச்ச அன்னிக்கு அந்தம்மா படகுத்துறை ஓரத்துக்குப் போனாங்க. நிக்காம போயிட்டே இருந்தாங்க. நான் ஓடிப்போய்ப் பிடிச்சேன். 'எனக்குப் படகைத் திருப்பத் தெரியலையே, நான்தானே கொன்னேன், நான்தானே கொன்னேன்'னு அதையே சொல்றாங்க. கையை உதறிட்டு மறுபடி தண்ணிப் பக்கம் போறாங்க. நான் என்ன சொல்றது? 'நீங்க இல்லம்மா, என் போல்ட்தான் ஒடைஞ்சுது, என் தப்பு'ன்னேன். ஓங்கி ஒண்ணு விட்டாங்க. அப்புறம் அழுதாங்க. வீட்டுக்குப் போய்த் தூங்கினாங்கன்னு கேள்விப்பட்டேன். எனக்கு நிம்மதியாச்சு." அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டார். "பக்கத்துல ஒரு கான்ஸ்டபிள் நின்னதை நான் கவனிக்கலைங்க."

டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் அழுக்கு ஒன்றும் இல்லை.

"ரெண்டு வருஷம், மேஸ்திரி."

"தெரியும்."

"வெளியே வந்தா உங்ககிட்ட யார் படகு குடுப்பாங்க?"

"அதுவும் தெரியும். ஆனா டாக்டர் கூடப் படகுக்கு வர்ற ஒரே ஆளு அந்தம்மாதான், திருப்புளியைப் பிடிச்சது அவங்கன்னு எனக்குத் தெரியுதே. படகைத் திருப்பத் தெரியாததுக்கே தண்ணியில இறங்கப் போனவங்க, இதைக் கேட்டா இருப்பாங்களா? நீங்க சொல்லுங்க."

"என்னைக் கூப்பிட்டது உங்க மனைவி. அவங்ககிட்ட நான் மறைக்க முடியாது," என்றார் டீச்சர்.

"அவகிட்ட சொல்லுங்க. அவளும் என்னை மாதிரிதான், ஒண்ணும் பண்ண மாட்டா."

மேஸ்திரி தன் மனைவியைச் சரியாகத்தான் கணித்திருந்தார். ஆனால் டீச்சரிடம் எல்லாவற்றையும் கேட்டபின் மேஸ்திரியின் மனைவி முயற்சி பண்ணாமலில்லை.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு நீதிமன்ற வராந்தாவில் அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கண் வீங்கியிருந்தது. டீச்சரைக் கண்டதும் எழுந்தார்.

"விடிஞ்சதும் டாக்டர் வீட்டுக்குப் போனேங்க. வாசல்ல நின்னு, சொல்லிடணும், நறுக்குனு சொல்லிடணும்னு பத்துத் தடவை சொல்லிப் பார்த்துக்கிட்டேன். கதவைத் திறந்தாங்க. புருஷன் சட்டையைப் போட்டுக்கிட்டு நிக்கிறாங்க. என்னைத் திட்டுவாங்கன்னு நினைச்சேன். திட்டியிருந்தா சொல்லியிருப்பேன். நாற்காலியை இழுத்துப் போட்டு, 'உங்க மேல எனக்குக் கோபம் இல்ல, நீங்க என்ன பண்ணுவீங்க'ன்னாங்க." அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "எனக்கு வாய் வரலை டீச்சர். தண்ணி மட்டும் குடிச்சுட்டு வந்துட்டேன். நீங்க சொல்லுங்களேன். உங்களுக்குச் சொல்றது பழக்கம்தானே?"

டீச்சர் தன் கைப்பையைப் பார்த்தார். நாலு பக்க அறிக்கை அதற்குள் இருந்தது. வக்கீலிடம் நீட்டினால் போதும். நேற்று மாலையிலிருந்து அதை மூன்று முறை எடுத்து மூன்று முறை உள்ளே வைத்தாயிற்று. ஒருத்தரைக் காப்பாற்ற ஒருத்தரைத் தண்ணீரில் தள்ளுகிற வேலை பள்ளிக்கூடத்தில் வந்ததில்லை. ரேடியோ ஏதாவது பேசுவான், இறுக்கம் தளரும் என்று எப்போதும் நம்பலாம். அவன் தரையில் பதித்த ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் டாக்டரின் மனைவி படியேறி வந்தார். கையில் ஒரு சின்ன அட்டைப்பெட்டி.

"டீச்சர், உங்களைத்தான் தேடினேன். நான் கிளம்புற நேரத்துக்கு இது தபால்ல வந்துச்சு. அவர் பேருக்கு. அவருக்கு வர்ற கடைசித் தபாலா இருக்குமோன்னு பிரிச்சுட்டேன்."

மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரே ஒரு பாக்கெட். நாலு போல்ட், புத்தம் புதுசு. மேலே கடைக்காரர் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு: 'பன்னிரண்டாவது தூணுக்குக் குறைந்த நாலு. தாமதத்துக்கு மன்னிக்கவும்.'

டீச்சருக்குச் சுரீரென்றது. மேஸ்திரியிடம் எல்லாம் கேட்டார். ஆர்டரை எந்த முகவரிக்கு அனுப்பச் சொன்னீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை.

"எனக்கு ஒண்ணும் புரியலை," என்றார் டாக்டரின் மனைவி. "பன்னிரண்டாவதுக்கு எதுக்கு இப்ப போல்ட்?"

"அது வந்தும்மா..." ரேடியோ முன்னால் வந்தான். "கடைக்காரங்க எப்பவும் இப்படித்தான். ஒரே ஆர்டரை ரெண்டு தடவை அனுப்புவாங்க. எங்க மாமாவுக்கு ஒரு தடவை ஒரே கதவை மூணு தடவை அனுப்பிட்டாங்க. வச்சுக்க இடமில்லாம வீட்டுக்கு மூணு வாசல் வச்சாரு."

டீச்சர் முன்னால் அப்படி ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு இதுவரை யாரும் தப்பித்ததில்லை. டீச்சர் அதைப் பிடிக்கவில்லை. "ஆமா, அப்படி நடக்கிறதுதான்," என்றார்.

டாக்டரின் மனைவி லேசாகச் சிரித்தார். "அப்படியா? நான் என்னமோன்னு..." என்று மூடியை மூடப் போனார். மேஸ்திரியின் மனைவி பெஞ்சின் விளிம்பைப் பிடித்தபடி நின்றார். இன்னும் இரண்டு நிமிஷம் போயிருந்தால் எல்லாரும் உள்ளே போயிருப்பார்கள்.

வராந்தாவின் கோடியில் இரண்டு கான்ஸ்டபிள்கள் நடுவே மேஸ்திரி வந்தார். மனைவியைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். பிறகு அந்த அட்டைப்பெட்டியைப் பார்த்தார். அந்தக் கடையின் பெட்டியை இருபது வருஷமாக வாங்குகிறவருக்கு அடையாளம் தெரியாதா? கான்ஸ்டபிள் கையை உதறிக்கொண்டு நாலு எட்டு ஓடி வந்தார்.

"அம்மா! அதை என்கிட்ட குடுங்க! அதைப் பிரிக்காதீங்கம்மா! சீட்டைப் படிக்காதீங்க!"

விலங்கு மாட்டிய இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டியபடி நின்றார். முகமெல்லாம் வியர்த்திருந்தது. தனக்கு இரண்டு வருஷம் என்று கேட்டபோதுகூட அந்த முகத்தில் இவ்வளவு பயம் இல்லை.

டாக்டரின் மனைவி அவரைப் பார்த்தார். இத்தனை நாளில் முதல்முறையாக அந்தப் பார்வையில் கோபம் இல்லை. பெட்டிக்குள் கையை விட்டு ஒரு போல்ட்டை எடுத்து, அதன் தலையிலிருந்து கால் வரை கட்டை விரலால் மெதுவாகத் தடவினார். ஒரே பருமனாக, வழவழவென்று இருந்தது.

"மேஸ்திரி," என்றார் மெல்ல, "அப்ப அன்னிக்கு நாங்க மாட்டினது எது?"